சொல் முதலில், தோட்டா பிறகு

1995 நவம்பர் 4. டெல் அவீவ் நகரில் சமாதானக் கூட்டம் முடிந்து காருக்குத் திரும்பிக் கொண்டிருந்தார் இஸ்ரேல் பிரதமர் இட்சாக் ராபின். அவரைச் சுட்டுக் கொன்றவன் எதிரி நாட்டுக்காரன் இல்லை. யிகால் அமீர் என்ற 25 வயது யூத இளைஞன். பார் இலான் பல்கலைக்கழகத்தின் சட்ட மாணவன்!

"ஒரு வெறியனின் செயல்" என்று இதைக் கடந்து போய்விடலாம். ஆனால் அதற்கு முந்தைய இரண்டு வருடங்களைக் கொஞ்சம் பாருங்கள்.

1993-ல் பாலஸ்தீன விடுதலை இயக்கத்துடன் ராபின் அரசு ஆஸ்லோ ஒப்பந்தம் செய்தது. அதை எதிர்த்தவர்களுக்குக் காரணமும் இருந்தது. 1994 அக்டோபரில் டெல் அவீவில் ஒரு பஸ்ஸில் குண்டு வெடித்து 22 பேர் இறந்தார்கள். கோபம் வரத்தானே செய்யும்?

ஆனால் அந்தக் கோபம் "ஒப்பந்தம் தவறு" என்பதோடு நிற்கவில்லை. "ராபின் துரோகி" என்றானது. 1967 போரில் ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்து ஜெயித்தவர் துரோகியாம்! கொலைக்கு ஒரு மாதம் முன்பு ஜெருசலேமில் நடந்த கூட்டத்தில், அவருக்கு நாஜி சீருடை மாட்டிய படம் சுற்றியது. "ராபினுக்கு மரணம்" என்று கோஷம் எழுந்தது. கொல்லத் துரத்தி வருபவனைக் கொன்றாவது தடுக்கலாம் என்பது பழைய யூத மதச் சட்டம். அது ராபினுக்குப் பொருந்துமா என்று சில மதகுருக்கள் விவாதித்தார்கள். தான் செய்தது சரி என்று சொல்ல அமீர் பிடித்துக்கொண்டதும் அதே சட்டத்தைத்தான்.

தலைவர்கள் யாரும் மேடையில் "சுடு" என்று சொல்லவில்லை, உண்மைதான். எதிர்க்கட்சித் தலைவராக அந்த ஜெருசலேம் கூட்டத்தில் பேசிய நெதன்யாகு, தான் வன்முறையைத் தூண்டவில்லை என்றே சொல்லி வந்திருக்கிறார். ஆனால் அப்படிச் சொல்லத் தேவையே இல்லையே... ஒருவரைத் துரோகி, நாஜி என்று ஆக்கிவிட்டால் மீதியைக் கேட்பவனே முடித்துக்கொள்வான். ஆயிரம் பேர் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குவார்கள். அதை அப்படியே நம்பும் ஒருவன் போதும்.

அப்படியானால் விமர்சனமே கூடாதா? தாராளமாகச் செய்யலாம், காரசாரமாகவே செய்யலாம். "இவர் முடிவு நாட்டைக் கெடுக்கும்" என்றால் பதில் சொல்ல முடியும், ஓட்டுப் போட்டுத் தோற்கடிக்க முடியும். ஒப்பந்தத்தை எதிர்த்த நெதன்யாகுவே 1996 தேர்தலில் ஜெயித்துப் பிரதமரானார். "இவர் துரோகி" என்பதற்கோ பதில் கிடையாது. தண்டனை மட்டும்தான் உண்டு.

அந்தச் சொல்லுக்கு அடுத்த முறை கைதட்டத் தோன்றினால், பக்கத்தில் நிற்பவன் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று ஒரு நொடி யோசியுங்கள் நண்பர்களே.