மொழிபெயர்ப்பவர் எந்தப் பக்கத்து ஆள்?

விசாரிக்கப்படுபவருக்குத் தமிழ் மட்டுமே தெரியும். அதிகாரி எழுதிக்கொள்வது சிங்களத்தில். நடுவிலிருந்து மொழிபெயர்ப்பவரும் பொலிஸ்காரர்தான். இலங்கையின் சிங்கராசா வழக்கு இந்த ஏற்பாட்டைத்தான் கேள்விக்குள்ளாக்கியது.

சிங்கராசா 1993இல் கைதானார். அவர் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட ஒப்புதல் வாக்குமூலம், அதாவது குற்றத்தைத் தானே ஏற்கும் வாக்குமூலம், சிங்களத்தில் தட்டச்சானது. அறையில் அவரோடு இருந்தவர்கள் இருவர்: ஓர் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர், ஒரு கான்ஸ்டபிள். மொழிபெயர்த்ததும் தட்டச்சு செய்ததும் அந்தக் கான்ஸ்டபிளே. சித்திரவதை செய்து, அந்தத் தாளில் தன் பெருவிரல் ரேகையைப் பதிக்க வைத்தார்கள் என்று சிங்கராசா பின்னர் சொன்னார்.

பொலிஸ் வாக்குமூலங்களில் கேள்விகள் பெரும்பாலும் மறைந்துபோகும். 'முகாமுக்குப் போனாயா?' என்று கேட்டதற்கு ஒருவர் தலையை மட்டும் ஆட்டியிருப்பார். தாளில் அது 'நான் முகாமுக்குச் சென்றேன்' என்றாகியிருக்கும். மொழியும் மாறிவிட்டால், எழுதியது சரியா என்று அவரால் வாசித்துப் பார்க்கவும் முடியாது. ஒத்துப்பார்க்க நீதிமன்றத்திடமும் மூலப் பேச்சு இல்லை.

இலங்கையில் சாதாரண வழக்குகளில், பொலிஸாரிடம் கொடுத்த ஒப்புதல் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிரான சான்றாகாது. பயங்கரவாதத் தடைச் சட்டம் இதற்கு விதிவிலக்கு. உதவி அத்தியட்சகருக்குக் குறையாத பதவியில் உள்ளவரிடம் கொடுத்திருந்தால் ஏற்கலாம். விரும்பிக் கொடுக்கவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் குற்றஞ்சாட்டப்பட்டவருடையதே. அப்படி ஏற்கப்பட்ட ஒப்புதலை வைத்தே சிங்கராசாவுக்கு 1995இல் 50 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அது 35 ஆகக் குறைந்தது.

வழக்கு ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் போனது. 2004இல் குழு சொன்னதில் ஒரு நுணுக்கம் உண்டு. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 14ஆம் உறுப்புரை மொழிபெயர்ப்பாளரை உறுதிசெய்வது நீதிமன்ற விசாரணைக்கு மட்டுமே. அங்கே அவருக்கு அந்த உதவி கிடைத்தது. ஆனால் விசாரித்த அதிகாரிகள் இருவர் மட்டுமே இருந்து, அவர்களில் ஒருவரே மொழிபெயர்த்துப் பெற்ற ஒப்புதலை மட்டும் நம்பித் தண்டித்தது நியாயமான விசாரணை ஆகாது என்றது குழு. தனி உரிமையாக எழுதப்படாத ஒன்று இப்படிப் பொது உரிமையின் வழியாக உள்ளே வந்தது.

2006இல் இலங்கை உயர் நீதிமன்றம் தண்டனையை மறுபரிசீலிக்க மறுத்தது. குழுவிடம் முறையிட வழிசெய்த நெறிமுறையில் நாடு சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்பது அதன் காரணம்.

சட்ட வாதம் எப்படியும் இருக்கட்டும். விசாரணையோடு தொடர்பில்லாத ஒருவர் மொழிபெயர்த்து, தமிழில் பேசியது ஒலிப்பதிவாகவும் இருந்திருந்தால், அந்தத் தாளை நீதிபதி எதனோடாவது ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம்.