மகள் என்ன செய்கிறார்?

சென்ற மாதம் ஸ்காபரோவில் ஒரு திருமண மண்டபத்தில் நான் பொய் சொன்னேன். ஊர்க்காரர் ஒருவர் கேட்டார்: "அண்ணை, மகள் இப்ப என்ன செய்யிறா?" "இஞ்சினியரிங்" என்றேன். மகள் சாப்பாட்டுத் தட்டோடு எனக்குப் பின்னால் நின்றாள். அவள் அந்தப் படிப்பை இரண்டாம் ஆண்டிலேயே விட்டவள். இப்போது முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பாளர். திரும்பும் வழியில், காருக்குள், ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அப்பா, என்ர வேலை உங்களுக்கு வெக்கமே?"

அவளுக்குச் சொல்ல முடியாத பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்களிடம் வெற்றிக்கு ஒரு படிவம் இருக்கிறது. மருத்துவர் அல்லது பொறியியலாளர், மார்க்கத்தில் பெரிய வீடு, மண்டபம் நிறைந்த அரங்கேற்றம். ஒரு கட்டம் வெறுமையாக இருந்தாலும் பெற்றோரின் குரல் தாழ்ந்துவிடுகிறது.

இந்த வெறிக்குக் காரணம் இல்லாமலில்லை. 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல், மருத்துவமும் பொறியியலும் படிக்க எங்கள் மாணவர்களிடம் கூடுதல் புள்ளிகளைக் கேட்டது. அப்படி வெளியே நிறுத்தப்பட்டவர்களில் என் அண்ணனும் ஒருவர். அன்று ஒரு பட்டம் என்பது பறிக்கப்பட்டதை மீட்பது. ஆனால் அங்கே பூட்டிய கதவை, இங்கே பிறந்த பிள்ளைகளின் தலையால் இடிக்க எங்களுக்கு என்ன உரிமை?

"கஷ்டப்பட்ட தாய் தகப்பன் ஆசைப்படக்கூடாதோ?" என்பார்கள். ஆசைப்படலாம். நானும் 1989இல் வந்து, உணவகத்தில் கோப்பை கழுவியவன்தான். ஆனால் பட்ட பாட்டையெல்லாம் கடனாக எழுதிவைத்து, பிள்ளையிடம் வட்டியோடு வசூலிப்பதற்குப் பெயர் ஆசையல்ல.

ஆண்டுதோறும் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை நினைத்து அழுகிறோம். 1981இல் சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அந்த நூலகத்தின் தொடக்கம், 1933இல் கே. எம். செல்லப்பா என்ற மனிதர் தன் வீட்டில் ஊரவருக்குப் புத்தகம் இரவல் கொடுத்தது. அவர் இன்று எங்கள் மண்டபத்துக்கு வந்தால் என்ன கேட்போம்? "வீடு எங்க வாங்கியிருக்கிறியள்?" வீட்டுக்குள் புத்தகத்தை நிரப்பி ஊரைக் கூப்பிடுகிறார் என்று தெரிந்தால், பிழைக்கத் தெரியாதவர் என்று சிரித்திருப்போம்.

மகள் வேலை செய்யும் இல்லத்தில் ஒரு தமிழ் அம்மா இருக்கிறார். மறதி நோயில் ஆங்கிலம் முழுவதும் போய்விட்டது. என் மகள்தான் தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் கதைத்துக் கதைத்து அவரைக் குளிப்பாட்டுகிறாள், சோறு ஊட்டுகிறாள். அந்த அம்மாவின் பிள்ளைகள் படிவத்தின் எல்லாக் கட்டங்களையும் நிரப்பியவர்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் கேட்டதெல்லாம் நாங்கள் சொல்லிக்கொடுத்ததுதான். ஆனால் நாளை எங்களுக்குச் சோறு ஊட்டப்போகிறவர்களை, இன்று மண்டபத்தில் முதுகுக்குப் பின்னால் மறைக்கிறோம் என்பதையாவது ஒப்புக்கொள்வோம்.

பல்கலைக்கழகத்துக்குப் போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மருத்துவராக விரும்புகிற பிள்ளை மருத்துவராகட்டும். ஆனால் விருப்பம் பிள்ளையுடையதா, எங்களுடையதா என்று ஒருமுறையாவது கேட்போம்.

அடுத்த கலியாணம் ஆவணியில். அதே மண்டபம், அதே ஊர்க்காரர், அதே கேள்வி. இந்த முறை மகளை முன்னால் கூப்பிட்டு, அவளே பதில் சொல்லட்டும் என்று பக்கத்தில் நிற்பேன். அதற்கு முன் அவளிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும். இன்னும் கேட்கவில்லை.