தலையை எண்ணித் தரம் சொல்லும் ஊர்

"அந்தப் பள்ளிக்கூடத்திலை பிள்ளையளே இல்லை, பிறகென்ன படிப்பு?"

யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலையின் கதையை முடிக்க இந்த ஒரு வசனம் போதும். கலியாண வீட்டுப் பந்தலிலும் இதைச் சொல்கிறார்கள், கல்விப் பணிமனைக் கூட்டத்திலும் சொல்கிறார்கள், கனடாவிலிருந்து லீவில் வந்து விறாந்தையில் சாய்ந்திருப்பவரும் சொல்கிறார். பிள்ளைகள் குறைந்தால் பள்ளிக்கூடம் கெட்டது. ஒரு பிள்ளைக்கு விழும் செலவு கூடினால் அது வீண்செலவு. இழுத்து மூடிவிட்டுப் பெரிய பாடசாலையோடு சேர்த்துவிட்டால் எல்லோருக்கும் நன்மை. இந்த மூன்றையும் நம்பாத ஆளைக் காண்பது அரிது. என் எண்ணத்தில் முதலாவது பிழை, இரண்டாவது அரைகுறைக் கணக்கு, மூன்றாவது பெரும்பாலும் அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் எழுதிக் கொடுக்கப்படும் மருந்து.

முதலில் ஆட்கள் எங்கே போனார்கள் என்று பார்ப்போம். இன்றைய யாழ் மாவட்ட எல்லைக்குள் 1981இல் ஏறத்தாழ 7 லட்சத்து 38 ஆயிரம் பேர் இருந்தார்கள். 2012 குடிசன மதிப்பீட்டில் இருந்தவர்கள் ஏறத்தாழ 5 லட்சத்து 83 ஆயிரம். இடைப்பட்ட காலத்துப் போரை இங்கே எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1990இல் வலிகாமம் வடக்கு இடம்பெயர்ந்தது. தீவகமும் அந்தக் காலத்திலேயே வெறிச்சோடியது. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமமே பெட்டியும் பாயுமாகத் தென்மராட்சியை நோக்கி நடந்தது. மயிலிட்டித் துறைமுகப் பக்கம் சனத்துக்குத் திரும்பக் கிடைத்தது 2017இல்தான். ஒரு கிராமம் 27 வருடம் ஊருக்கு வெளியே இருந்திருக்கிறது. அங்கே படித்திருக்க வேண்டியவர்களின் பிள்ளைகள் இப்போது ரொறன்ரோவிலும் பாரிசிலும் படிக்கிறார்கள். அதற்கும் அதிபரிடம் விளக்கக் கடிதம் கேட்பதா?

கட்டடங்கள் நெருக்கமாக நிற்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. வீதிக்கு இந்தப் பக்கம் மிசன் பள்ளிக்கூடம், அந்தப் பக்கம் சைவப் பள்ளிக்கூடம். 1816இல் அமெரிக்க மிசன் வந்திறங்கியதிலிருந்து இரண்டு தரப்பும் போட்டி போட்டுக் கட்டின. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1923இல் உருவான சைவ வித்தியாவிருத்திச் சங்கம் ஊரூராகப் பள்ளிக்கூடம் வைத்தது. 1960-61இல் அரசாங்கம் பெரும்பாலானவற்றைச் சுவீகரித்தபோது எதிரெதிரே நின்றவை அப்படியே நின்றன.

சாதியை விட்டுவிட்டு இதைப் பேசுவது நேர்மையாகாது. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்கலாம் என்றதற்காக இங்கே பள்ளிக்கூடங்கள் கொளுத்தப்பட்டன. பிறகு நெருப்பு வைக்க வேண்டிய தேவை இருக்கவில்லை, விடுகைப் பத்திரம் போதுமானதாக இருந்தது. ஒடுக்கப்பட்ட குடியிருப்புகளின் பிள்ளைகள் சேரச் சேர, மற்றவர்கள் தங்கள் பிள்ளைகளை ஓசைப்படாமல் விலக்கி எடுத்த பாடசாலைகள் குடாநாட்டில் உண்டு. விலகிப் போனவர்களே இப்போது "அங்கை பிள்ளையள் இல்லை" என்கிறார்கள்.

ஆனால் இதைவிடப் பெரிய ஓட்டை ஐந்தாம் வகுப்பில் இருக்கிறது. புலமைப்பரிசில் பரீட்சையின் ஒரு வேலை வறிய பிள்ளைக்கு உதவிப்பணம் கொடுப்பது. மற்ற வேலை, வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளையை ஆறாம் வகுப்புக்குப் பிரபல பாடசாலை ஒன்றில் கொண்டுபோய்ச் சேர்ப்பது. ஊரின் நினைவில் நிற்பது இரண்டாவது வேலைதான். இப்போது ஒரு கிராமத்து வித்தியாலயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாம் வகுப்பிலிருந்து ஓ.எல். வரை உள்ளது. ஆரம்பப் பிரிவு ரீச்சர் நன்றாகப் படிப்பிக்கிறார், பரீட்சையில் நான்கு பிள்ளைகள் சித்தியடைகிறார்கள். வாசலில் பதாகை கட்டுகிறார்கள். தை மாதம் அந்த நான்கு பேரும் ரவுனுக்குப் போய்விடுவார்கள். வசதி உள்ள இன்னும் இரண்டு பெற்றோர் அவர்கள் பின்னாலேயே வான் பிடிப்பார்கள். ஆரம்பப் பிரிவு எவ்வளவு திறமோ அவ்வளவுக்கு ஆறாம் வகுப்பு வெறுமையாகும். ஆறு வருடம் கழித்து ஓ.எல். பெறுபேறு வரும்போது அந்த நான்கு பேரின் 9 ஏ நகரப் பாடசாலையின் பதாகையில் இருக்கும், கிராமத்துப் பாடசாலையின் பெயர் மூடும் பட்டியலில் இருக்கும். ஆடையை வழித்து எடுத்துவிட்டுப் பால் தண்ணியாய் இருக்கிறது என்று குறை சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பத்திரிகைகளையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எந்தப் பாடசாலைக்கு எத்தனை 9 ஏ என்று போடுவார்கள். எத்தனை பேரில், அந்தப் பிள்ளைகள் எந்தப் புள்ளியோடு உள்ளே வந்தவர்கள், அதில் எத்தனை பங்கு மாலை நேர ரியூசனுடையது என்பதைத் தேடினாலும் கிடைக்காது.

வீதக் கணக்குக்கு வருவோம். ஓ.எல். எழுதிய பிள்ளைகள் ஒன்பது பேர் என்று வையுங்கள். ஒரு பிள்ளை கணிதத்தில் கோட்டை விட்டால் சித்தி வீதம் 11 புள்ளி இறங்கிவிடும். அடுத்த வருடம் அப்படி நடக்காவிட்டால் 11 புள்ளி ஏறும். இரண்டிலும் அதே ஆசிரியர், அதே கரும்பலகை. நூற்றைம்பது பேர் எழுதும் இடத்தில் ஒரு பிள்ளையால் ஒரு புள்ளிகூட அசையாது. அமெரிக்காவில் கேட்ஸ் அறக்கட்டளை 2000ஆம் ஆண்டுக்குப் பின் இதையே தலைகீழாகப் பிழைவிட்டது. முன்னணியில் சிறிய பாடசாலைகள் அதிகம் என்று கண்டு, பெரிய உயர்நிலைப் பள்ளிகளைச் சிறியவையாக உடைக்கப் பெரும் பணம் கொட்டியது. ஹோவர்ட் வைனர் என்ற புள்ளிவிபரவியலாளர் பென்சில்வேனியாவில் 1,662 பாடசாலைகளின் ஐந்தாம் வகுப்பு வாசிப்புப் புள்ளிகளை எடுத்துப் பார்த்தார். முதல் 50 இடங்களில், மாநிலத்தின் ஆகச் சிறிய 50 பாடசாலைகளில் 6 இருந்தன. கடைசி 50 இடங்களில் 9 இருந்தன. தொகை சிறிதானால் வீதம் இரண்டு பக்கமும் எகிறும், அவ்வளவுதான். அறக்கட்டளை மேல் முனையை மட்டும் பார்த்தது. நாங்கள் கீழ் முனையை மட்டும் பார்க்கிறோம்.

செலவுக் கணக்கு இன்னும் வேடிக்கையானது. 240 பிள்ளைகளும் 12 ஆசிரியர்களும் இருந்த இடத்தில் பிள்ளைகள் 60 ஆகிவிட்டார்கள் என்று கொள்வோம். தலைக்குரிய செலவு நான்கு மடங்காகிறது, ஆனால் திறைசேரியிலிருந்து ஒரு சதமும் கூடுதலாகப் போகவில்லை. சரி, மூடுகிறோம். பன்னிரண்டு ஆசிரியர்களும் ஓய்வூதியம் வரை அரசாங்கச் சம்பளம் வாங்குபவர்கள், கட்டடத்தோடு சேர்த்து அவர்களைப் பூட்டிவைக்க முடியாது. 1980இலிருந்து வரும் இலவசப் பாடநூலும் 1993இலிருந்து வரும் சீருடையும் பிள்ளையோடு போகின்றன. மிஞ்சுவது கரண்ட் பில், தண்ணீர்ப் பில், சுண்ணாம்புச் செலவு. மறுபக்கத்தில் மாதாமாதம் வான் காசு வந்து ஏறுகிறது. அது அரசாங்கத்தின் எந்த ஏட்டிலும் பதியப்படாது, கூலி வேலைக்குப் போகும் தகப்பனின் சட்டைப்பையிலிருந்து போகும். அந்தக் காசு இல்லாத வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் நிற்பது யாருக்கு என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆசிரியர் விரயம் ஆகிறார்களே என்பார்கள். உண்மைதான். நாடு முழுவதும் சராசரியாக 17, 18 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் இருக்கிறார், அது குறைவான எண்ணிக்கை அல்ல. அப்படியிருந்தும் தீவகத்திலும் வன்னியிலும் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆளில்லை. இது இடமாற்றப் பிரச்சினை. நீர்வேலியில் ஒரு பாடசாலையை மூடினால் அங்குள்ள ஆசிரியர் துணுக்காய்க்குப் போய்விடுவார் என்று நம்புபவர்களுக்கு எங்கள் இடமாற்றப் பட்டியல்களைப் பற்றி ஒன்றும் தெரியாது.

மூடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நாட்டின் ஏறத்தாழ 10,000 அரசாங்கப் பாடசாலைகளில் மூன்றிலொன்றுக்குக் கிட்ட 100க்குக் குறைந்த மாணவர்களைக் கொண்டவை. ஊரே குடிபெயர்ந்து, முதலாம் வகுப்புக்கு வருடக்கணக்காக யாரும் வராத இடத்தில் பெயர்ப்பலகையைக் காத்து நிற்பது பழைய மாணவர் சங்கத்தின் ஏக்கமே தவிரக் கல்வி அல்ல. நடந்து போகும் தூரத்தில் இரண்டு பாடசாலைகள் இருந்து, இரண்டிலும் எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளுக்கும் இடம் உறுதியென்றால் தாராளமாக இணைக்கலாம். 2016 அளவில் அரசாங்கமே "அண்மையிலுள்ள பாடசாலை சிறந்த பாடசாலை" என்று திட்டம் போட்டது. கட்டடம் கட்டினார்கள். வான்கள் நிற்கவில்லை, ஏனென்றால் புலமைப்பரிசில் பரீட்சையில் கைவைக்க எவருக்கும் துணிவு வரவில்லை.

ஒரு பாடசாலையின் பெயரை மூடும் பட்டியலில் சேர்க்கும் முன் கல்வி வலயம் சில விபரங்களை மேசையில் வைக்கட்டும். ஆறாம் வகுப்பில் தங்கிய பிள்ளைகள் எந்தப் புள்ளியோடு தங்கினார்கள், அவர்களில் எத்தனை பேர் ஓ.எல். வரை வந்தார்கள், இடையில் எந்தப் பாடத்துக்கு எத்தனை மாதம் ஆசிரியர் இல்லை, விலகியவர்கள் எங்கே போனார்கள், ஐந்து வருடப் பெறுபேற்றை ஒன்றாய்ச் சேர்த்தால் என்ன வருகிறது. பெரிய பாடசாலைகளிடமும் இதே கேள்விகளைக் கேட்கட்டும். இதற்குப் புதிய ஆய்வுக் குழு ஒன்றும் வேண்டாம். சேர்விடாப்பும் வரவு இடாப்பும் விடுகைப் பத்திர அடிக்கட்டைகளும் அதிபர் அறை அலுமாரியில்தான் கிடக்கின்றன.