ஆரியபட்டாவை இறக்கிய காற்று

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டைக் கொட்டகைகளில் உருவான ஆரியபட்டா, 1975 ஏப்ரல் 19 அன்று சோவியத் ராக்கெட்டில் ஏறிப் போனது. சில நாட்களிலேயே மின்வழங்கல் பழுதாகி ஆய்வுக் கருவிகள் ஓய்ந்தன. ஆனாலும் அந்த 360 கிலோ செயற்கைக்கோள் கிட்டத்தட்ட 17 ஆண்டுகள் சுற்றிவிட்டு, 1992 பிப்ரவரியில்தான் விழுந்தது. ஏறத்தாழ 600 கி.மீ. உயரத்திலிருந்து அதைச் சிறுகச் சிறுகக் கீழே கொண்டுவந்தது, இல்லவே இல்லை என்று நாம் நினைக்கும் காற்று.

மேலடுக்குக் காற்றை அளப்பதில் நாம் புதியவர்கள் அல்ல. 1963 நவம்பர் 21 அந்தியில் தும்பாவிலிருந்து கிளம்பிய முதல் ராக்கெட்டின் வேலையே அதுதான். அது உமிழ்ந்த சோடியம் ஆவி மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துக் காற்றின் வேகத்தைக் கணித்தார்கள். எட்டியது சுமார் 200 கி.மீ. உயரம்; அதுவும் ஓர் அந்திப் பொழுதுக்கு. அதற்கு மேலே, செயற்கைக்கோள்கள் எவ்வளவு இறங்குகின்றன என்பதை வைத்தே பெரும்பாலும் அடர்த்தியைக் கணித்தார்கள். கிடைத்ததோ பல சுற்றுகளின் சராசரி.

முடுக்கமானி வந்த பிறகு கதை மாறியது. செயற்கைக்கோளின் நடுவே ஒரு சிறு உலோகக் கட்டி, சுவரைத் தொடாமல் மின்விசையால் மிதக்கும். ஈர்ப்பு இரண்டையும் ஒன்றுபோல் இழுக்கும். காற்றோ வெளிக்கூட்டை மட்டும் தடுக்கும். கட்டியை நடுவில் நிறுத்தத் தேவைப்படும் விசையில் அந்தத் தடை தெரிந்துவிடும். சூரிய ஒளியின் அழுத்தத்தைக் கழித்தால், எதிரே வரும் தடை அடர்த்தியைச் சொல்லும். பக்கவாட்டுத் தள்ளல் காற்றோட்டத்தைச் சொல்லும். 2000இல் ஏவப்பட்ட ஜெர்மனியின் சாம்ப் செயற்கைக்கோள் இப்படித்தான், பகலில் காந்த நடுக்கோட்டின் மேல் காற்று மெலிந்தும் இருபுறமும் தடித்தும் இருப்பதைக் காட்டியது. அந்தக் கோடு நம் தென்கோடித் தமிழகத்தை ஒட்டிப் போகிறது. நம் தலைக்கு மேலுள்ள சமாசாரத்தை ஜெர்மன் செயற்கைக்கோள் சொல்லித் தெரிந்துகொண்டது எனக்குக் கொஞ்சம் உறுத்தல்தான்.

2024 மே மாதச் சூரியப் புயலில் மேலடுக்கு சூடேறி உப்பியது. வழக்கமாக நாளுக்கு 35–40 மீட்டர் இறங்கும் கார்டோசாட்-2எஃப் செயற்கைக்கோள், மே 11 அன்று 180 மீட்டர் இறங்கியது. இதே காற்றை இஸ்ரோ வேலை வாங்கியதும் உண்டு. கார்டோசாட்-2ஐ மிச்ச எரிபொருளால் 635இலிருந்து 380 கி.மீ.க்குத் தாழ்த்திவிட்டு, மீதியைக் காற்றிடம் விட்டார்கள். 2024 பிப்ரவரி 14 அன்று இந்தியப் பெருங்கடல் மேல் விழுந்தது.

ஆரியபட்டா முதல் கார்டோசாட்-2 வரை, இஸ்ரோவின் தடப் பதிவுகளில் அரைநூற்றாண்டுக் காற்றின் கணக்கு இருக்கிறது. அதை ஒரே தொகுப்பாகப் பல்கலைக்கழகங்களுக்குத் தர வேண்டும்; தாழ்பாதையில் அடுத்து ஏவும் ஒன்றிலாவது நம் முடுக்கமானி ஏற வேண்டும்.