நாற்பது சேய்களும் ஒரு தாயும்

கண்டி நகரிலுள்ள டி. எஸ். சேனநாயக்க ஞாபகார்த்தப் பொது நூலகம் போன்றதோர் இடத்தில், மேசைமீது விரித்த நாளிதழைப் பலர் சூழ்ந்திருந்து வாசிப்பதாகக் கொள்வோம். வாசிக்கும் வரை ஓர் இதழே போதும். ஒருவர் பேனாவை எடுத்துக் குறுக்கெழுத்துப் போட்டியை நிரப்ப முற்பட்டாலோ தொல்லை. அந்தப் பக்கத்தை மாத்திரம் படியெடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டால் பிறருக்கு இடையூறில்லை. லினக்ஸ் கணினி தன் நினைவகத்தைப் பகிர்ந்தளிப்பதும் இவ்வாறே.

அப்பாச்சி முதலிய இணையச் சேவையகங்கள், வருவோரை உபசரிக்கத் தாய்ச் செயன்முறை ஒன்றிலிருந்து சேய்கள் பலவற்றை ஈன்று நிறுத்துவதுண்டு. இந்த ஈனும் வழக்கம் 1991இல் பிறந்த லினக்ஸின் சொந்தச் சொத்தன்று. யுனிக்ஸ் வீட்டுச் சீதனம். சேய் பிறக்கும்போது தாயின் நினைவகம் முழுவதும் படியெடுக்கப்படுவதில்லை. பெரும்பாலும் 4,096 பைற்று அளவுள்ள பக்கங்களாகப் பிரிந்திருக்கும் அதனை இருவரும் பொதுவில் வாசிக்கலாம். எவரேனும் எழுத முனைந்தால், அக்கணமே அந்த ஒரு பக்கத்துக்குத் தனிப்படி உண்டாகும்.

பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ண் வலையமைப்பின் அலுவலகம் பேராதனை வளாகத்தில் இருக்கிறது. அந்தச் சுற்றாடலிலும் கண்டி நகரத்துச் சிறு அலுவலகங்களிலும் சேவையகங்களைப் பேணும் இளைஞர்க்கு இவ்விஷயம் ஏட்டுச் சுரைக்காயன்று. 'டொப்' எனும் கட்டளை, சேய் ஒவ்வொன்றும் 60 மெகாபைற்று கொண்டிருப்பதாகக் காட்டுகிறது என்க. சேய்கள் நாற்பது, பெருக்கினால் 2,400. "நினைவகம் போதாது, புதிதாய் வாங்குவோம்" என்று மேலதிகாரிக்குக் கடிதம் பறக்கும். ஆனால் அந்த 60இல் 50 பொதுச்சொத்தாயின், உண்மையான செலவு 50உம் நாற்பது பத்துகளும் சேர்ந்த 450 மட்டுமே! 2022இல் டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியதைக் கண்ட நாட்டில், இறக்குமதிப் பொருளொன்றை வீணே வாங்குவது சிறு பிழையாகுமா?

பொதுப் பக்கத்தைப் பகிர்வோர் தொகையால் வகுத்து, அவரவர் பங்கை மட்டும் சேர்க்கும் 'பி.எஸ்.எஸ்.' என்ற கணக்கு 2008 முதல் லினக்ஸில் உண்டு. நம் உதாரணத்தில் சேய்க்குப் பதினொன்றேகால் மெகாபைற்று வரும். பார்க்க வேண்டிய எண் அதுவே.

இதிலும் ஒரு சூட்சுமம். பைத்தன் மொழி, ஒரு பொருளை எத்தனை இடங்கள் சுட்டுகின்றன என்ற எண்ணிக்கையை அப்பொருளின் அருகிலேயே குறித்து வைக்கும் இயல்பினது. எனவே வெறுமனே வாசித்தாலும் பக்கத்தில் எழுத்து விழும், படிகள் பெருகும். குப்பை திரட்டும் வேலையும் அவ்வாறே பக்கங்களைத் தீண்டும். இன்ஸ்டகிராம் பொறியியலாளர் இதனோடு மல்லாடியதன் பயனாக, ஈனுமுன் உள்ள பொருள்களைக் குப்பை திரட்டி தீண்டாவண்ணம் ஒதுக்கிவைக்கும் வசதி 2018இல் வெளியான பைத்தன் 3.7இல் இடம்பெற்றது. சேய்களுக்குப் பொதுவாக வேண்டியவற்றைத் தாயே முன்கூட்டி ஏற்றிவைத்து, அந்த வசதியையும் பயன்படுத்தி, அதன்பின் ஈனச் செய்தால் படிகள் வெகுவாகக் குறையும்.