மரத்தைத் தோலாக்கும் வித்தை

வன்னிப் பெருநிலத்தையும் யாழ்ப்பாணக் குடாநாட்டையும் இணைக்கும் ஒடுங்கிய வாயில் ஆனையிறவு. ஒல்லாந்தர் காலத்திலே வன்னிக் காடுகளிற் பிடிக்கப்பட்ட யானைகள் இவ்வழியே குடாநாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டு இந்திய வணிகருக்கு விற்கப்பட்டன. யானைகள் சென்ற வழியே வன்னி மரமும் சென்றது. குடாநாட்டிலே பனையுண்டு, தென்னையுண்டு, வேம்புண்டு. ஆயினும் வைரம் பாய்ந்த முதிரைக்கும் பாலைக்கும் வன்னியையே நாடவேண்டும். யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகள் பலவற்றின் கதவும் நிலையும் வன்னிக் காட்டிலே வளர்ந்தவை.

இம்மரம் போய்ச் சேர்ந்த நாடோ ஓர் இசைக்கருவியின் பெயரைத் தாங்கியது. யாழ் வாசித்த பாணன் ஒருவன் பரிசிலாகப் பெற்ற மணல்நிலமே யாழ்ப்பாணமாயிற்று என்பது பரம்பரைக் கதை. இன்றும் மருதனார்மடத்திலே, இராமநாதன் பெயரால் விளங்கும் பல்கலைக்கழக நுண்கலைக் கூடத்தில் வீணையும் வயலினும் பயிலும் மாணவர் பலர். மரம் ஒரு கரையிலும் இசை மறுகரையிலும் இருக்க, வன்னி மரத்தில் நரம்புக் கருவி செய்யலாகாதா என்று ஒரு மாணவர் வினவினால் யாது விடை கூறுவோம்? செய்யலாம். ஆனால் தடித்த மரம் பாடாது. அதனை மெல்லிய தகடாக்கவேண்டும். அத்தகட்டை ஆக்குவது எவ்வாறு, அதற்கு மரம் பெறுவது எங்கே என்பனவற்றை இவ்வாரம் காண்போம்.

தோலுக்குப் பதிலாகப் பலகை

நரம்பு அல்லது தந்தி மிக ஒல்லியானது. அது தனியே அதிரும்பொழுது மிகச் சிறிதளவு காற்றையே அசைக்கும். அடுத்த அறையிலிருப்பவருக்கும் அவ்வொலி எட்டாது. தந்தியின் அதிர்வை வாங்கிப் பரந்த பரப்பாற் காற்றை அசைப்பதற்கு வேறொரு பொருள் வேண்டும். பழந்தமிழர் யாழிலே இத்தொழிலைச் செய்தது பத்தரின்மேற் போர்த்த தோல். பொருநராற்றுப்படை முதலிய நூல்கள் யாழின் உறுப்புக்களை விரித்துக் கூறுகின்றன. மட்டக்களப்புக் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் அவற்றையெல்லாம் ஆராய்ந்து 1947-ஆம் ஆண்டில் யாழ்நூலை வெளியிட்டார்.

வீணையிலே தோலின் இடத்தை மரம் பெற்றது. தஞ்சாவூர் வீணை பலா மரத்தாலானது. குடமும் தண்டியும் ஒரே மரத்திற் குடைந்தெடுக்கப்பட்டால் அது ஏகாண்ட வீணை எனப்படும். குடத்தின் வாயை மூடும் மேற்பலகையும் பலாவே. அப்பலகையின்மீது குதிரை நிற்க, குதிரையின்மீது தந்திகள் ஓடுகின்றன. 2013-இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

மேனாட்டுக் கருவிகளிலும் இதே முறைதான். வயலினின் மேற்பலகையும் கிற்றாரின் மேற்பலகையும் ஏறக்குறைய 2 முதல் 3 மில்லிமீற்றர் தடிப்புடையவை. நைலோன் நரம்பு பூட்டிய கிற்றாரின் ஆறு நரம்புகளும் சேர்ந்து ஏறத்தாழ 40 கிலோகிராம் நிறையளவு இழுக்கின்றன. அவ்விழுவையைத் தாங்கிக்கொண்டே அப்பலகை தோல்போல அதிரவும் வேண்டும்.

மேற்பலகையின் சிறப்பை உலகுக்குக் காட்ட ஒருவர் விந்தையான சோதனை செய்தார். ஸ்பானிய நாட்டுக் கிற்றார்க் கலைஞர் அந்தோனியோ டி தொறஸ், 1862-இல், முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையால் அமைத்து, மேற்பலகையை மட்டும் நல்ல மரத்தாற் செய்தார். அக்கருவி இன்றும் பார்சலோனா இசைக்கருவி நூதனசாலையில் இருக்கின்றது. கருவியின் குரல் பெரும்பாலும் மேற்பலகையிலேயே பிறக்கின்றது என்பதே அவர் காட்டிய உண்மை.

மாணவர்கள் இங்கே ஒரு கணக்கை நினைவிற்கொள்ளல் நன்று. ஒரு பலகையின் விறைப்பு அதன் தடிப்பின் கனத்துக்கு ஏற்ப மாறும். தடிப்பைப் பாதியாக்கினால் விறைப்பு எட்டிலொன்றாகும். ஆகவே 3 மில்லிமீற்றர்ப் பலகையிற் கால் மில்லிமீற்றரைக் குறைத்தால், தடிப்பு பன்னிரண்டிலொரு பங்கே குறையினும், விறைப்பு ஏறத்தாழ நான்கிலொரு பங்கு குறைந்துவிடும். கைதேர்ந்தவர் சீவுளியை ஓட்டுவதும் தட்டிக் கேட்பதுமாக மாறி மாறி வேலை செய்வதன் காரணம் இதுவே.

தகடு பிறக்கும் மூன்று வழிகள்

இவ்வாறு மெலிந்த மரத்தகட்டைத் தச்சரும் கடைக்காரரும் வினீர் என வழங்குவர். இத்தகட்டைப் பெறும் வழிகள் மூன்று.

முதலாவது வாளால் அறுத்தல். இதுவே தொன்மையான முறை. நார் முறியாது, இரு பக்கமும் ஒரே தரமாயிருக்கும். குறை என்னவெனில் வாள் தின்னும் மரத்தூள். 20 சென்ரிமீற்றர்த் தடிப்புள்ள கட்டையை 2 மில்லிமீற்றர்த் தகடுகளாக அறுக்கும்பொழுது, வாளும் 2 மில்லிமீற்றரைத் தின்னுமாயின், கிடைப்பவை 50 தகடுகள். பாதி மரம் தூளாகிப் போகும்.

இரண்டாவது கத்தியாற் சீவுதல். கட்டையைச் சுடுநீரில் ஊறவைத்து அல்லது நீராவியில் வேகவைத்து மென்மையாக்கிப் பின் அகன்ற கத்தியாற் சீவுவர். தூளே இல்லை. அதே கட்டையை 0.6 மில்லிமீற்றராகச் சீவினால் முந்நூறுக்கு மேற்பட்ட தகடுகள் கிடைக்கும். ஆனாற் கத்தி தகட்டை வளைத்துக்கொண்டே செல்வதால் ஒரு முகத்தில் மயிரிழை போன்ற நுண்வெடிப்புக்கள் உண்டாகும். தகட்டை மெதுவாக வளைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் எளிதில் வளைகின்றது என்பது தெரியும். நுண்வெடிப்புள்ள முகத்தை உட்புறமாக ஒட்டுதல் வழக்கம்.

மூன்றாவது சுழற்றி உரித்தல். முழுக் கட்டையைச் சுழலவிட்டுப் பென்சில் தீட்டுவதுபோலத் தொடர்ந்து உரித்தெடுப்பர். ஒட்டுப்பலகைக்கு இதுவே ஏற்றது. நமது நாட்டிற் காலிக்கருகே கிந்தோட்டையில் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் எழுந்த ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை, தேயிலைப் பெட்டிகளுக்கான பலகையைச் செய்தது. சுழற்றி உரித்த தகட்டில் ஆண்டு வளையங்கள் அகன்று அலையலையாகத் தோன்றும். இசைக்கருவியின் மேற்பலகைக்கு அது பொருந்தாது. அதற்குக் கட்டையின் நடுவிலிருந்து பட்டையை நோக்கிக் கதிர் வாக்கில் அறுத்த பலகையே வேண்டும். மரம் உலரும்பொழுது கதிர் வாக்கிற் சுருங்குவதைப்போல வளைய வாக்கில் ஏறக்குறைய இருமடங்கு சுருங்கும். நீளவாக்கிலோ சுருங்குவதில்லை என்றே சொல்லலாம்.

எம்மரம் எவ்வுறுப்புக்கு?

முதிரை பொன்னிறமும் பட்டுப்போன்ற பளபளப்பும் உடையது. ஆங்கிலேயர் இதனைச் சற்றின் மரம் என்றழைத்து, ஏற்றுமதி செய்து, தம் தளபாடங்களுக்கு மேற்றகடாக ஒட்டினர். பேராதனையில் மகாவலியின் மீது 1833-இல் அமைத்த 205 அடி நீளப் பாலத்தையும் முதிரையாலேயே கட்டினர். அத்துணை வலிமையுள்ள மரம் பாரமும் மிகுந்தது. ஒரு கனமீற்றர் 900 கிலோகிராமுக்கு மேல் நிறுக்கும். மேற்பலகைக்கு அது ஆகாது. முதுகுக்கும் பக்கங்களுக்கும் ஓரவரிகளுக்கும் அதன் தகடு மிகப் பொருந்தும். விரற்பலகைக்குக் கருங்காலி சிறந்தது. மேற்பலகைக்குப் பலா நம் மரபு.

ஒட்டிய தகட்டிற் செய்த கருவி தாழ்ந்தது என எண்ணுவோர் உளர். 1932-இல் பாரிஸ் நகரத்துச் செல்மர் நிறுவனம், மரியோ மக்கபெரி வகுத்த கிற்றார்களை வெளியிட்டது. அவற்றின் முதுகும் பக்கங்களும் தகடுகளை ஒட்டி அமைந்தவை. வெளித்தகடாக இந்திய ஈட்டி மரம் விளங்கியது. ஜாங்கோ றைன்ஹாட் என்னும் மேதை வாசித்துப் புகழ்பெற்றது அக்கருவியே. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானியக் கலைஞர் சிலர் மேற்பலகையையே இரு மெல்லிய தகடுகளாக்கி, நடுவே தேன்கூடு போன்ற தாளை வைத்து ஒட்டினர். பாரம் குறைந்தது, விறைப்புக் குறையவில்லை.

சிறு பட்டறையில் இதனைச் செய்வோர் நாடா வாளாற் சற்றுத் தடிப்பாக அறுத்து, சீவுளியாலும் சுரண்டியாலும் வேண்டிய அளவுக்கு மெலிவிப்பர். ஒட்டுவதற்கு விலங்குத் தோலிலிருந்து எடுத்த வச்சிரமே பழைய பசை. அதனை 60 பாகை சென்ரிகிறேட் அளவிற் சூடாக வைத்திருத்தல் வேண்டும். கொதிக்கவிட்டாற் பலம் குன்றும். வச்சிரத்தின் சிறப்பு, சூடும் ஈரமும் காட்டினால் மீண்டும் இளகுவது. பின்னாளிற் பழுதுபார்ப்பவர் கருவியை உடையாமற் பிரிக்கலாம். ஒன்று நினைவிருக்கட்டும்: முதிரைத் தூள் சிலருக்குத் தோலிற் சொறியும் எரிச்சலும் உண்டாக்கும். முகமூடியும் கையுறையும் அவசியம்.

உப்பு கற்பிக்கும் பாடம்

ஆனையிறவு உப்பளத்துக்குப் பேர்போன இடம். சோளகம் வீசும் வறண்ட மாதங்களிலே உப்பு விளைகின்றது. மாரி தொடங்கினால் வீட்டுச் சாடியிலுள்ள உப்பும் கசிகின்றது. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75-ஐத் தாண்டினால் தூய உப்பு தானே நீரை ஈர்த்துக் கரையத் தொடங்கும். இவ்வியல்பு மரவேலை செய்வோருக்கு ஒரு கருவியாகின்றது. ஈர உப்பைச் சிறு கிண்ணத்திலிட்டு, அதனை மூடிய பெட்டியொன்றினுள் வைத்தால், பெட்டியின் காற்று 75 அளவிலேயே நிலைத்து நிற்கும். விலையுயர்ந்த கருவிகளின்றியே ஈரமானியைச் சரிபார்க்க விஞ்ஞானிகளும் இம்முறையைக் கையாள்கின்றனர்.

அப்பெட்டியில் மரத்தகட்டைச் சில நாள் வைத்தால், அதன் நிறையில் ஏறத்தாழ நூற்றுக்கு 14 பங்கு நீராகும். நமது கரையோரக் காற்றில் மரம் இருக்கும் நிலைக்கு இது அண்ணளவு. இனி அம்மரத்திற் செய்த வீணை ரொறன்ரோ நகருக்குச் செல்கின்றது என வைத்துக்கொள்வோம். பனிக்காலத்திற் சூடேற்றிய அறையின் வறண்ட காற்றில் மரத்தின் நீர் 6 பங்காகக் குறையும். 30 சென்ரிமீற்றர் அகலப் பலகை நூற்றுக்கு 2 பங்கு சுருங்கினாலும் 6 மில்லிமீற்றர் குறைந்துவிடும். விளிம்பிலே ஒட்டப்பட்டிருக்கும் பலகை வேறு வழியின்றி வெடிக்கின்றது. புலம்பெயர்ந்த நம் உறவினர் வீடுகளில் வீணை வெடித்துவிட்டதெனக் கேட்கும்பொழுது செய்தவரைக் குறைகூறுமுன் அறையின் காற்றை ஆராய்தல் வேண்டும். கருவி இருக்கும் அறையில் ஈரப்பதத்தை 45-க்கும் 55-க்கும் இடையே வைத்திருப்பது நலம்.

மரம் எங்கே?

இலங்கையிற் களுமெதிரிய என்றொரு மரம் உண்டு. கருமையும் பழுப்பும் கலந்த அழகிய வரிகளையுடையது, கருங்காலிக்கு உறவு. ஐரோப்பிய மாளிகைகளின் மேசைகளுக்கும் பேழைகளுக்கும் அதன் தகடு வேண்டுமென்று வெட்டினர், வெட்டினர், வெட்டிக்கொண்டேயிருந்தனர். 1859-இல் எமர்சன் தெனன்ற் இலங்கையைப்பற்றி எழுதிய நூலில், அம்மரம் அரிதாகிவிட்டதைக் குறித்தார். இன்று அது வாணிகத்துக்குக் கிடைப்பதில்லை. தகடு சிக்கனமானதுதான், பேராசை சிக்கனமறியாதது. முதிரைக்கும் அக்கதி நேரவிடலாகாது.

ஆகவே கருவி செய்ய விரும்பும் இளைஞர் கோடரியோடு காட்டுக்குச் செல்லவேண்டியதில்லை. முதற்கண் நாடவேண்டியது பழைய மரம். இடிக்கப்படும் வீட்டின் கதவும் நிலையும் வளையும் பல ஆண்டுகள் உலர்ந்து அடங்கியவை, புதுமரத்தைப்போல முறுக்கிக்கொள்ளமாட்டா. அவற்றுட் பல விறகாகின்றன. இரண்டாவதாக நாடவேண்டியது மரக்காலை. அங்கே வீட்டு வேலைக்கு உதவாதெனக் கழிக்கப்படும் துண்டும் துணுக்கும் ஒரு வீணையின் ஓரவரிக்குப் போதும். பழைய மரமாயினும் புதிய மரமாயினும், ஏற்றிச் செல்லுமுன் வனவளத் திணைக்களத்தில் அனுமதிபற்றிக் கேட்டறிதல் கடமை.

மற்றுமொரு எச்சரிக்கை. ஆனையிறவும் அதன் சூழலும் 1991, 2000, 2009 ஆகிய ஆண்டுகளிற் பெரும்போர் கண்ட மண். பிரான்சு நாட்டில் முதலாம் உலகப்போர் நடந்த இடங்களின் மரங்களுள் குண்டுச் சில்லுகள் புதைந்து கிடப்பதால், மரம் அறுப்போர் அவற்றை உலோகங்காட்டியாற் சோதித்த பின்னரே வாளில் ஏற்றுவர். போர் நடந்த எந்நிலத்து மரத்துக்கும் இச்சோதனை வேண்டும். சிறு இரும்புத் துண்டொன்று வாளை முறிக்கலாம்; பறந்து வந்து கண்ணையும் கெடுக்கலாம்.

நூறாண்டு நின்ற மரத்தை நிலையாக்கினால் அது ஒரு வீட்டைத் தாங்கும். தகடாக்கினாற் பல கருவிகளுக்குக் குரல் கொடுக்கும். உங்கள் வீட்டிலோ அயல் வீட்டிலோ பழைய முதிரைக் கதவொன்று அடுப்புக்குப் போகவிருந்தால், ஒருகணம் நிறுத்தி அதன் விளிம்பைச் சிறிது சீவிப் பாருங்கள். உள்ளே பொன்னிறம் தோன்றினால், அதை மழைபடாத இடத்தில் எடுத்துவையுங்கள். வீட்டுப் பிள்ளைகளுள் ஒருவர் நாளை அதைத் தேடி வரலாம்.