கூட்டம் சேர்க்கவா நாடகக் குழு?

ஆலை வாசலில் பொதுக்கூட்டம். மாலை 6 மணி என்று நோட்டீஸ். பகல் ஷிப்டு முடிந்த தோழர்கள் தலையில் ஒட்டிய பஞ்சுத் தூசியைக்கூடத் தட்டாமல் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்துக் கிராமத்திலிருந்து நடவு முடித்த பெண்கள் சேற்றுக் காலோடு வந்திருக்கிறார்கள். பட்டணத்திலிருந்து ஒரு நாடகக் குழுவும் வந்திருக்கிறது. ஐந்தாறு வாலிபர்கள், இரண்டு பெண்கள். ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார், ஒருவர் எலெக்ட்ரீஷியன், ஒருவர் ஜவுளிக்கடையில் நிற்பவர். யாருக்கும் சம்பளம் கிடையாது. சொந்தக் காசில் பஸ் ஏறி வந்தவர்கள்.

பேச்சாளர் வரவில்லை. "தம்பி, ரெண்டு பாட்டு எடுத்து விடுங்க, ஜனம் கலைஞ்சிடக் கூடாது" என்கிறார் கூட்டம் கூட்டியவர். பாடுகிறார்கள். இன்னும் வரவில்லை. "சரி, நாடகத்தை ஆரம்பிங்க." ஆரம்பிக்கிறார்கள். ஜனங்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள், சிரிக்கிறார்கள், ஒரு கிழவி நாடகத்து மேஸ்திரியைப் பார்த்து நிஜமாகவே ஏசுகிறாள். அந்தச் சமயம் பார்த்துக் கார் வந்து நிற்கிறது. "போதும் தம்பி, முடிச்சுக்குங்க!" வாத்தியார் வசனத்தை விழுங்கிவிட்டு மேடையை விட்டு இறங்குகிறார். பேச்சு ஒன்றரை மணி நேரம். நன்றியுரையில் ஒலிபெருக்கிக்காரர் பெயர் வருகிறது, பந்தல்காரர் பெயர் வருகிறது. நாடகக் குழுவின் பெயர் வரவில்லை. கடைசி பஸ்ஸும் போய்விட்டது.

இந்தக் காட்சியை நாம் ஒருமுறையல்ல, பலமுறை பார்த்திருக்கிறோம். பார்த்துவிட்டுச் சும்மாவும் இருந்திருக்கிறோம். ஆகவே இந்தக் கட்டுரையில் குற்றக் கூண்டில் ஏறுகிறவர்களில் நாமும் உண்டு.

முதலில் எதிர்த்தரப்பைப் பார்ப்போம். பெருநகரங்களில் இன்று கலை விழாக்களுக்குக் குறைவில்லை. கம்பெனிப் பெயர் பொறித்த பதாகை, வண்ண விளக்கு, குளிரூட்டிய மண்டபம். அந்த மண்டபத்துக்கு வாடகை உண்டு. விளக்குக் காண்ட்ராக்டருக்குப் பில் உண்டு. விருந்தினர் தங்கும் ஹோட்டலுக்கு உண்டு. நாற்காலி தூக்குகிற, டிக்கெட் கிழிக்கிற, தண்ணீர் பாட்டில் அடுக்குகிற, இரவு இரண்டு மணிக்கு மேடையைப் பிரிக்கிற பிள்ளைகளுக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. அவர்கள் 'தொண்டர்கள்' ஆயிற்றே! ஒரு பனியன், ஒரு சாப்பாட்டுப் பொட்டலம், முடிவில் ஒரு சான்றிதழ். அந்தச் சான்றிதழை எந்தக் கடையில் கொடுத்தால் அரிசி போடுவான்? நாம் கேட்கிறோம். கூலி கொடுத்துச் செய்ய வேண்டிய வேலையைக் கூலியில்லாமல் வாங்கிக்கொண்டு, அதற்குத் தியாகம் என்று பெயர் சூட்டுவது நமக்குப் புதிதா? பண்ணை வீட்டுக் கல்யாணத்துக்கு வெட்டி வேலை செய்த நம் பாட்டன்மாருக்கு அதன் பழைய பெயர் தெரியும்.

இந்த நகரங்கள் கலையை எவ்வளவு நேசிக்கின்றன என்பதற்கு டில்லியே சாட்சி. அங்கே ஷாதிபூர் பஸ் டிப்போ அருகில் கட்புத்லி காலனி என்று ஒரு குடியிருப்பு இருந்தது. பொம்மலாட்டக்காரர்களும் கழைக்கூத்தாடிகளும் மாயவித்தைக்காரர்களும் தலைமுறைக் கணக்கில் குடிசை போட்டு வாழ்ந்த இடம். இந்த நாட்டின் பெருமை என்று சொல்லி வெளிநாட்டு விழாக்களுக்கு விமானத்தில் ஏற்றி அனுப்பப்பட்டவர்கள் அங்கே இருந்தார்கள். 2017 அக்டோபரில் புல்டோசர் வந்தது. பொம்மைக்கு மாலை, பொம்மையை ஆட்டியவனுக்குத் தெரு!

ஆனால் அதே டில்லியில், அதே ஷாதிபூருக்குப் பக்கத்தில், இன்னொரு கதையும் உண்டு. அதை விவரமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் நமக்குப் பாடம் அங்கேதான் இருக்கிறது.

1973-ல் டில்லியில் சில வாலிபர்கள் ஜன நாட்டிய மஞ்ச் என்ற குழுவைத் தொடங்கினார்கள். ஜனம் என்று சுருக்கமாக அழைத்தார்கள். மேடை நாடகங்களைத் திறந்த வெளியில் ஆயிரக்கணக்கான மக்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். 1975-ல் அவசர நிலை வந்தது, வாய்ப்பூட்டு விழுந்தது. 1977-ல் பூட்டு கழன்றபோது தொழிற்சங்கங்களின் கஜானா காலி. "உங்கள் நாடகத்துக்கு மேடையும் விளக்கும் போட எங்களிடம் பணமில்லை" என்றார்கள் சங்கத் தோழர்கள். அது பொய்யல்ல. வேறு குழுவாக இருந்தால் கடையைக் கட்டியிருக்கும், அல்லது பணக்காரன் வீட்டுத் திண்ணைக்குப் போயிருக்கும். ஜனம் வேறு விதமாக யோசித்தது. பெரிய நாடகத்தை மக்களிடம் கொண்டுபோக முடியாதா? சின்ன நாடகத்தைக் கொண்டுபோவோம். மேடை வேண்டாம், திரை வேண்டாம், விளக்கு வேண்டாம்.

சரி, எதைப்பற்றி நாடகம்? அப்போது டில்லிக்கு அருகே காஸியாபாத்தில் ஒரு ரசாயன ஆலையில் நடந்த சம்பவம் அவர்கள் காதுக்கு வந்தது. அங்கே தொழிலாளர் வைத்த கோரிக்கைகள் இரண்டே. சைக்கிளை நிறுத்த ஓர் இடம். இடைவேளையில் ஒரு குவளை தேநீர் குடிக்க ஓர் இடம். சம்பள உயர்வுகூட அல்ல, தோழர்களே! நிர்வாகம் மறுத்தது. தொழிலாளர் வேலையை நிறுத்தினார்கள். காவலாளிகள் சுட்டார்கள். 6 தொழிலாளர் செத்தார்கள்.

இதிலிருந்து பிறந்ததுதான் 'மெஷின்' நாடகம். நடிகர்களின் உடம்பே எந்திரம். ஒருவன் கை மேலும் கீழும் போகிறது, இன்னொருவன் சக்கரமாகச் சுற்றுகிறான், வாயாலேயே எந்திரச் சத்தம். திடீரென்று எந்திரம் நிற்கிறது. ஏன் நின்றது? அதுதான் கதை. மொத்தமே 13 நிமிடம். 1978 நவம்பரில் டில்லி தால்கதோரா அரங்கில் தொழிற்சங்க மாநாட்டுக்கு வந்திருந்த ஆயிரக்கணக்கான பிரதிநிதிகள் முன்னால் நடித்தார்கள். பார்த்தவர்கள் அதைத் தங்கள் ஊருக்கு எடுத்துச் சென்றார்கள். தத்தம் பாஷையில் போட்டார்கள். ரிங் பிரேம் முன்னால் நின்று நூல் முடிகிற தோழனுக்கு இந்த நாடகத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. எந்திரத்துக்கு நடுவே எந்திரமாக நிற்பது எப்படி என்று நடிகனுக்கு அவனே சொல்லிக் கொடுப்பான்.

நாம் கவனிக்க வேண்டிய விஷயம் இது. இந்த நாடகத்தை யாரும் சம்பளத்துக்குச் செய்யவில்லை. நாடகம் முடிந்ததும் துணியை விரித்து, பார்த்தவர்களிடமே வசூல் செய்தார்கள். நாம் துண்டேந்துகிறோமே, அதேதான். சர்க்கார் மானியத்துக்கும் கம்பெனி நன்கொடைக்கும் கை நீட்டவில்லை. குழுவின் முன்னணியில் நின்ற சப்தர் ஹஷ்மி கல்லூரியில் ஆங்கில இலக்கியம் போதித்தவர். மேற்கு வங்க சர்க்காரின் டில்லி தகவல் நிலையத்தில் உத்தியோகம் பார்த்தவர். அந்த உத்தியோகத்தை விட்டுவிட்டு முழு நேரமும் இந்தப் பணிக்கு வந்தார்.

விழாக் கம்பெனியின் தொண்டனும் கூலி வாங்கவில்லை, இவர்களும் வாங்கவில்லை. அப்படியானால் வித்தியாசம் எங்கே என்று சிலர் கேட்பார்கள். கெட்டிக்காரக் கேள்வி. பதில் மூன்று கேள்விகளில் இருக்கிறது: மேடை யாருடையது? எந்த நாடகம் என்று தீர்மானிப்பது யார்? துணியில் விழுந்த காசு யார் கைக்குப் போகிறது? சொந்தக் கூரைக்குக் கீற்று முடைகிறவன் கூலி கேட்பதில்லை. மிராசுதார் கூரைக்கு இலவசமாக முடையச் சொன்னால் கேட்காமல் இருப்பானா?

சம்பளம் வாங்காத கலைஞனை விலைக்கு வாங்குவது கஷ்டம். அதனால்தான் ஆள்வோருக்கு அவன்மேல் எப்போதும் ஒரு கண். வெள்ளைக்காரன் 1876-ல் நாடகத்தை அடக்க ஒரு சட்டம் போட்டான். வெள்ளைக்காரன் போன பிறகு, 1954-ல், சென்னை ராஜ்யத்துக்கென்று தனியாக ஒரு நாடகச் சட்டம் வந்தது. அது செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது 2013-ல். சுதந்திர நாட்டில் ஒரு வசனம் பேச 59 வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

சட்டம் போதாத இடத்தில் தடி வரும். 1988 நவம்பரில் டில்லித் தொழிலாளர் ஏழு நாள் வேலை நிறுத்தம் செய்தார்கள். குறைந்தபட்சக் கூலி மாதம் 1,050 ரூபாய் வேண்டும் என்பது முக்கியமான கோரிக்கை. அதற்காக ஜனம் ஒரு நாடகத்தைத் தயாரித்து ஆலைப் பகுதிகளெல்லாம் சுற்றியது. வேலை நிறுத்தத்துக்குப் பிறகு அதையே திருத்தி 'ஹல்லா போல்' என்று பெயரிட்டார்கள். 1989 ஜனவரி 1 அன்று, நகராட்சித் தேர்தல் நேரத்தில், சாஹிபாபாத் அருகே ஜண்டாபூர் என்ற தொழிலாளர் குடியிருப்பில் அந்த நாடகம் நடந்துகொண்டிருந்தது. எதிர் வேட்பாளரும் ஆட்களும் தடிகளோடும் துப்பாக்கியோடும் பாய்ந்தார்கள். ராம் பகதூர் என்ற தொழிலாளியைச் சுட்டுக் கொன்றார்கள். பிழைப்புத் தேடி நேபாளத்திலிருந்து வந்தவர் அவர். சப்தரைத் தலையில் அடித்து நொறுக்கினார்கள். மறுநாள் இரவு அவர் உயிர் பிரிந்தது. வயது 34.

சப்தர் பெயரை இன்று நாடெங்கும் சொல்கிறார்கள்; சொல்லத்தான் வேண்டும். ராம் பகதூர் பெயரை எத்தனை பேர் சொல்கிறார்கள்? அவர் வசனம் பேசவில்லை, பாட்டுப் பாடவில்லை. அவர் வாழ்ந்த குடியிருப்பில் அவர்களுக்காக ஒரு நாடகம் நடந்தது. அங்கேயே அவர் விழுந்தார். நம் கணக்கில் அந்த நாடகத்தில் அவருக்கும் பங்கு உண்டு.

ஜனவரி 4 அன்று, கணவரைப் பறிகொடுத்து இரண்டு நாள்கூட முழுதாக ஆகாத மொலயஸ்ரீ, குழுவோடு அதே ஜண்டாபூருக்குத் திரும்பிப் போனார். பாதியில் நின்ற அதே நாடகத்தை அதே இடத்தில் நடித்து முடித்தார்கள். ஆயிரக்கணக்கான தொழிலாளர் கூடி நின்று பார்த்தார்கள். குற்றவாளிகளுக்குத் தண்டனை கிடைத்தது 2003-ல், 14 ஆண்டுகள் கழித்து. நீதிமன்றம் அவ்வளவு மெதுவாக நடந்தது. நாடகம் மூன்றாம் நாளே திரும்பி வந்துவிட்டது.

பகைவன் தடி கொண்டு நிறுத்திய நாடகத்தை அவர்கள் முடித்துக் காட்டினார்கள். நாமோ, பகைவன் யாரும் வராமலே, "போதும் தம்பி" என்று நிறுத்துகிறோம்! வெட்கமாக இல்லையா?

"கலை இரண்டாம்பட்சம், முதலில் போராட்டம்" என்று ஒரு தோழர் நம்மிடம் வாதாடினார். நல்லவர், சிறை சென்றவர். அவரிடம் நாம் கேட்டோம்: போன வருஷக் கூட்டத்தில் நீங்கள் பேசியதில் ஒரு வாக்கியத்தை யாராவது ஞாபகம் வைத்திருக்கிறார்களா? அவர் சிரித்துவிட்டார். அதே கூட்டத்து நாடகத்தில் வந்த தராசுக் காட்சியைக் களத்துமேட்டில் பெண்கள் இன்னும் நடித்துக் காட்டிச் சிரிக்கிறார்கள். களத்தில் கூலி நெல் அளக்கிற மரக்கால் சரிதானா என்று அந்த வருஷம் முதல் தடவையாக வாய் திறந்து கேட்டவர்களும் அவர்கள்தான். இது போராட்டம் இல்லையா?

இன்னொரு குறையையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம். நம் நாடகக் குழுக்களில் படித்த பிள்ளைகள் அதிகம், தறியும் கலப்பையும் பிடித்த கைகள் குறைவு. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒத்திகை மாலையில் நடக்கிறது. நமக்கோ இரவு ஷிப்டு. வாரக் கடைசியில் நடக்கிறது, நமக்கோ ஓவர்டைம். எட்டு மணி நேர வேலை என்று நாம் போராடி வாங்கியதே மிச்சமுள்ள நேரம் நமதாக வேண்டும் என்றுதானே? அந்த நேரத்தைத் திருட்டுத்தனமாக ஓவர்டைம் தின்கிறது. மிச்சத்தைக் கடன்காரன் தின்கிறான். சங்கம் ஓவர்டைம் கணக்குப் பேசும்போது இதையும் பேச வேண்டும்.

நடிக்க வராவிட்டால் என்ன? பிட்டர் வேலை தெரிந்த தோழன் விளக்குக் கம்பம் நட்டுத் தருவான். தையல் மெஷின் வைத்திருக்கும் அக்கா உடை தைத்துத் தருவாள். தெம்மாங்கும் ஒப்பாரியும் நடவுப்பாட்டும் எந்தக் கல்லூரியிலும் கிடைக்காது, நம் பாட்டிகளிடம்தான் கேட்டு வாங்க வேண்டும். அதைச் சொல்லிக் கொடுப்பதும் தொண்டுதான்.

ஒத்திகைக்கு இடம்? 1973-ல் தொடங்கிய டில்லிக் குழு பல வருஷம் இரவல் இடங்களிலேயே ஒத்திகை பார்த்தது. 2012 ஏப்ரல் 12-ல், சப்தர் பிறந்த நாளில், ஷாதி காம்பூரில் ஒரு சிறு அரங்கைத் திறந்தார்கள். ஸ்டூடியோ சப்தர் என்று பெயர். நண்பர்களும் ஆதரவாளர்களும் கொடுத்த காசில் எழுந்தது. மற்றக் குழுக்களும் அங்கே வந்து நடிக்கின்றன. 39 வருஷம் ஆயிற்று அவர்களுக்கு. நம்மிடம் சங்கக் கட்டடங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. மாலை ஆனால் பூட்டுத் தொங்குகிறது. சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்தால், செயலாளர் ஊரில் இல்லை என்கிறார்கள்.

ஆகவே நாம் கேட்பது பெரிய விஷயம் ஒன்றுமல்ல. சங்க அலுவலகத்தை வாரம் இரண்டு மாலை குழுவுக்குத் திறந்து விடுங்கள். வருகிறவர்களுக்குப் பஸ் காசு கூட்டச் செலவுக் கணக்கிலேயே எழுதப்படட்டும். அதைக் கேட்டு வாங்கும்படி அவர்களை விடாதீர்கள். பெண்கள் உடை மாற்ற மறைவான இடமும், இரவில் வீடு சேரத் துணையும் முன்கூட்டியே ஏற்பாடு ஆகட்டும். இது இல்லாமல்தான் பல பெண்கள் ஒரே வருஷத்தில் குழுவை விட்டுப் போய்விட்டார்கள். சாப்பாடு நம் வீடுகளில். நோட்டீசில் பேச்சாளர் பெயர் எந்த அளவு எழுத்தில் இருக்கிறதோ, அதே அளவில் நாடகத்தின் பெயரும் இருக்கட்டும்.

நாடகம் தொடங்கிய பிறகு கார் வந்தால் வரட்டும். முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டு, பேச்சாளரையும் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.